ஏழு மணிக்கு ஒல்லாந்து வானொலி

உ

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
08.06.1997

அன்பு மகள் சுகிர்தாவுக்கு அப்பா எழுதுவது,

முதலில் சுகம் விசாரித்து, பிறகு ஊர்ப் புதினம் சொல்லி, கடைசியில் விசயத்துக்கு வருவதுதான் என் வழக்கம். இன்று அது ஏலாது. உன் கடிதம் நேற்றுப் பத்தரை மணிக்கு வந்தது. படலையில் நின்றபடியே உறையைக் கிழித்து வாசித்தேன். குசினிக்குப் போய் அம்மாவுக்கு உரக்க வாசித்தேன். பிறகு சேட்டுப் பொத்தானை மாற்றிப் பூட்டியிருக்கிறேன் என்பதும் தெரியாமல் வீதிக்கு இறங்கி, எதிரில் சைக்கிளில் வந்த தவராசா மாஸ்டரை மறித்து அவருக்கும் வாசித்தேன். வயலின் படிப்பிக்கிற மனுசன் அல்லவா, உடனே என்ன ராகம் என்று கேட்டார். ராகம் இல்லை மாஸ்டர், இது வேறு சங்கதி என்றேன். ராகம் இல்லாமல் இருபத்திரண்டு நிமிடமா என்று சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார்.

ஜூலை ஐந்தாம் திகதி, சனிக்கிழமை, நம்முடைய நேரம் மாலை ஏழு மணி. ஒல்லாந்து வானொலியின் சிற்றலைச் சேவை. என் மகள் செய்த இசை. நீ இங்கிருந்து ஒல்லாந்துக்குப் போய் ஏழு வருசமாகிறது. உன் இசையைப் பதிந்து நீ அனுப்பிய இரண்டு கசற்றும் எங்கேயோ வழியில் நின்றுவிட்டன. உன் இசையைப் பற்றி எத்தனையோ கடிதம் வாசித்திருக்கிறோம், ஒரு சத்தம் காதால் கேட்டதில்லை. இனிமேல் அந்தக் குறை இல்லை. காற்றில் வருவதை யார் மறிக்கப்போகிறார்கள்.

நீ போகும்போது மெயின் வீதியில் ஒற்றைக் கதவுக் கடையில் ரேடியோ திருத்திக்கொண்டிருந்த ஸெய்னுதீன் இப்போது நமக்கு அடுத்த வீட்டுக்காரர் என்று முன்பே எழுதியிருக்கிறேன். மனைவி றஹ்மா, குறிஞ்சாக்கேணிப் பெண், பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படிப்பிக்கிறார். நேற்றுப் பகலே நம் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். ஸெய்னுதீன் பின்பலகையைக் கழற்றினார். உள்ளே நான்கு பல்லி முட்டையும் உப்புக்காற்று தின்ற கம்பிகளும். அவர் இரண்டு மணித்தியாலம் ஈயம் உருக்கி ஒட்டினார். பின்னேரம் ஐந்து மணிக்கு ரேடியோ பேசத் தொடங்கியது. ஒல்லாந்தும் வந்தது. பசு மாடுகளுக்கு என்னவோ நோயாம், அதைப் பற்றி ஒரு பெண் கவலையோடு பேசினார். றஹ்மா எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மாடுகள் சுகமாக வேண்டும் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

ஆனால் சத்தம் கடல் மாதிரி வருவதும் போவதுமாக இருக்கிறது. செய்திக்கு அது போதும், இசைக்குப் போதாது என்கிறார் ஸெய்னுதீன். நம் கூரையிலிருந்து அவருடைய வளவு வேம்பு வரைக்கும் அறுபது அடி கம்பி இழுத்தால் கண்ணாடி மாதிரிக் கேட்குமாம்.

அவருக்கு உன் கமலான் வாத்தியத்தை விளங்கப்படுத்தினேன். எப்படி என்று கேள். பாலித் தீவில் வெண்கலத் தட்டுகளை வரிசையாக அடுக்கிச் சுத்தியலால் தட்டுவார்கள், ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு தட்டு உண்டு, ஒன்றை மற்றதைவிட ஒரு மயிரிழை உயர்த்தியே வார்ப்பார்கள், இரண்டையும் சேர்த்துத் தட்டினால் ஓசை அலையாக ஏறி இறங்கும் என்று நீ எழுதியிருந்தாயே, அதை அப்படியே சொன்னேன். தாழ்ந்தது ரீங்காரமிடும், உயர்ந்தது அதை உறிஞ்சும் என்று அந்த ஊரார் பெயர் வைத்திருப்பதையும் சொன்னேன். எனக்கு அது முதல் வாசிப்பிலேயே விளங்கிய விசயம். இருபத்தெட்டு வருசம் இழுவைப் படகில் இரண்டு எஞ்சினுக்கு நடுவில் நின்றவன் நான். ஒன்று எழுநூற்றைம்பது சுற்று, மற்றது எழுநூற்று நாற்பத்தாறு என்றால் போதும், படகு முழுக்க ஊம் ஊம் என்று ஓர் அலை எழும்பும். கப்டன் மேலேயிருந்து கத்துவார். அந்த அலையை இல்லாமல் செய்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள். என் பிள்ளை அதே அலையை வேண்டுமென்றே உண்டாக்கி, இயந்திரத்தில் போட்டு நீட்டி, அதற்கு வெள்ளைக்காரன் கைதட்டுகிறான். இதை நினைத்து நேற்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கூரையில் கம்பி கட்டுவதென்றால் சும்மா கட்ட ஏலாது. கடற்படைத் தளம் கூப்பிடு தூரம். ஆகவே இன்று காலை வெள்ளை வேட்டி உடுத்து முகாமுக்கே போனேன். வாசலில் ஒன்றரை மணித்தியாலம் நிற்கவைத்தார்கள். பிறகு வந்த அதிகாரி நல்ல மனுசன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாம் சொன்னேன், மேசையில் விரலால் தட்டியும் காட்டினேன். பாலி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வெள்ளிக்கிழமை கட்டி ஞாயிற்றுக்கிழமை கழற்றிவிடுங்கள் என்று சொல்லிக் கைகொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் றஹ்மா கேட்டது, எழுத்தில் வாங்கினீர்களா என்று. கைகொடுத்த மனுசனிடம் கடதாசி கேட்பது மரியாதையா என்றேன்.

அம்மாவின் சங்கதி தெரியும்தானே. உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்துக் காட்டியபிறகு அவர் கேட்ட ஒரே கேள்வி: “இதில பாட்டு எந்த இடத்தில வரும்?” பாட்டே வராது என்றேன். அப்படியென்றால் அந்த இருபத்திரண்டு நிமிடமும் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்கிறார். உனக்கு இருபத்தொன்பது வயதாவதையும் எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

கடைசியாக உள்ளதில் பெரிய விசயம். ஒக்டோபரில் ஆறு மாதம் படிக்கப் பாலிக்குப் போகும் வழியில் கொழும்பில் இறங்கி, இரண்டு கிழமை எங்களோடு நிற்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். இது கேட்கிற கேள்வியா மகள்? உன் அறைக்கு வெள்ளையடிக்க இன்றைக்கே ஆள் சொல்லிவிட்டேன். ஒல்லாந்துக் கடவுச்சீட்டு இருக்கிறது, இனி உன்னை யார் என்ன செய்ய ஏலும். நான் கொழும்புக்கு வந்து கூட்டிவருகிறேன். இறக்கக்கண்டியிலிருந்து பாரை மீன் கொண்டுவருகிறவரிடமும் சொல்லி வைத்தாகிவிட்டது. அவர் இது ஜூன் மாதம்தானே என்று சிரிக்கிறார்.

கோணேசர் உன் கைகளுக்கும் காதுகளுக்கும் காவலாக இருக்கட்டும். ஜூலை ஐந்து, ஏழு மணிக்கு, நீயும் அங்கே ரேடியோவைப் போட்டுக் கேள். ஒரே நேரத்தில் கேட்டோம் என்று இருக்கும்.

உன் அன்பு அப்பா,
இ. குலசிங்கம்

*

உ

திருகோணமலை,
19.07.1997

என் தங்க மகள் சுகிர்தாவுக்கு,

எழுத்து மாறியிருக்கிறதே என்று பயப்படாதே. நான் சொல்ல றஹ்மா எழுதுகிறார். போன கிழமை கிணற்றடியில் பாசி வழுக்கி விழுந்துவிட்டேன். வலது மணிக்கட்டில் சின்ன வெடிப்பு. மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள், ஆறு கிழமையில் கழற்றலாமாம். வலி இல்லை. தேத்தண்ணிக் கோப்பையை இடது கையால் பிடிக்கப் பழகிவிட்டேன். இதைப் பற்றி இவ்வளவு போதும். எழுத எவ்வளவு இருக்கிறது.

கேட்டோம் மகள். முழுக்கக் கேட்டோம்.

வீட்டில் பத்துப் பதினைந்து பேர். தவராசா மாஸ்டர் ஆறரைக்கே வந்து முன்கதிரையைப் பிடித்துக்கொண்டார். நான் ரேடியோவுக்கு நேரே இருந்தேன். ஸெய்னுதீன் ரேடியோக் குமிழில் கை வைத்தபடி, மூச்சுக்கூடப் பலமாக விடாமல் இருந்தார். ஏழு மணிக்கு மணியோசை, செய்தித் தலைப்பு, பிறகு ஓர் ஆண்குரல் உன் பெயரைச் சொன்னது. சுகிர்தா குலசிங்கம். குலசிங்கத்தை அவன் கடித்து மென்றுதான் துப்பினான், ஆனாலும் அது குலசிங்கம்தான். இலங்கையின் திருகோணமலையில் பிறந்தவர் என்றான். இந்த ஆக்கம், துறைமுகப் படகில் எஞ்சின் ஓட்டிய தன் தகப்பனுக்கு என்று சொன்னார்களாம். இல்லை, சொன்னார்கள், நான் வாய்தவறிச் சொன்னதை றஹ்மா அப்படியே எழுதிவிட்டார். ஒல்லாந்து வானொலியில், உலகம் முழுக்கக் கேட்க, என்னைப் பற்றி! நான் எதற்கும் இலேசில் கலங்குகிறவன் இல்லை, உனக்குத் தெரியும்.

முதலில் ஒரு முழக்கம் மட்டும் வந்தது. ரேடியோ பழுதாகிவிட்டதென்று அம்மா நினைத்தார். ஸெய்னுதீன் கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னார். பிறகு ஒரு பெரிய வெண்கல ஒலி. அது அடங்கும் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தால் அடங்கவேயில்லை. அதற்குக் கீழே அந்த அலை. எழும்பி, விழுந்து, எழும்பி, விழுந்து. வேகம் சரியான வேகம் மகள். நாலு சுற்று வித்தியாசத்தில் வருகிற அலை அது, வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். நடுவில் சின்னச் சின்ன மணிகள் சிதறின, மழை தொடங்கும்போது தகரத்தில் விழுவதுபோல. பதினைந்தாம் நிமிடத்தில் எல்லாம் நின்று, ஒன்றும் இல்லாமல் கொஞ்ச நேரம் இருந்தது. முடிந்துவிட்டதென்று மாஸ்டர் எழும்பப் பார்த்தார். அப்போது திரும்பவும் வந்தது பார், அந்த இடம்! அந்த இடத்தை எப்படிச் செய்தாய் என்று விவரமாக எழுது.

முடிந்தபிறகு மாஸ்டர் கதிரையை என் பக்கம் திருப்பினார். பிறகு சொன்னார், தாளம் இல்லை, ராகம் இல்லை, ஆனால் பிள்ளை சுருதியை விட்டு ஓரிடத்திலும் விலகவில்லை என்று. அவர் வாயிலிருந்து அது பெரிய பட்டம். போகிற வருகிறவர்களுக்கெல்லாம் இப்போது அவரே கமலான் என்றால் என்ன என்று வகுப்பு நடத்துகிறார். பாலிக்குக் கப்பலில் எத்தனை நாள் என்று என்னிடம் விசாரித்தார்.

இனி ஒக்டோபர் விசயம். யோசித்துப் பார்த்தேன். இந்தமுறை வராமல் விட்டால் நல்லது போலிருக்கிறது. ஒக்டோபர் இங்கே மழை தொடங்குகிற காலம், உனக்கு ஒத்துவராது. உன் அறைக் கூரையிலும் ஓடு மாற்றவேண்டும், வேலையாள் கிடைப்பதில்லை. கிணற்றுத் தண்ணீரும் இவ்வருசம் சவர், உப்புக் கரிக்கிறது. ரயிலில் இருக்கை கிடைக்காது. ஆறு மாதப் படிப்பில் முதல் இரண்டு கிழமையை இங்கே செலவழித்தால் குருமார் என்ன நினைப்பார்கள். நேராகப் பாலிக்குப் போய் முழு மனதோடு படி. நாங்கள் எங்கே போகப்போகிறோம், இங்கேதான் இருப்போம். பிறகு ஒருகாலம் வரலாம். மீன்காரரிடமும் சொல்லிவிட்டேன்.

குறையாக நினைக்காதே. அந்த இருபத்திரண்டு நிமிடம் இந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த பேறு. உன் இயந்திரங்கள் பழுதில்லாமல் ஓடட்டும். நீ நூறு ஊர்களில் கேட்கப்படவேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

அப்பா

(எழுதியது றஹ்மா. உங்களை நேரில் கண்டதில்லை. ஆனாலும் அன்று கேட்டபிறகு தெரிந்தவர்போல இருக்கிறது. மூன்றுதரம் பேனாவை வைத்துவிட்டு எழுதினேன்.)

*

21.07.1997

மகள் சுகிர்தா,

அம்மா எழுதுகிறேன். நான் கடிதம் எழுதுகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். அப்பா எழுதுவார், நான் பக்கத்தில் நின்று இதை எழுதுங்கோ அதை எழுதுங்கோ என்று சொல்லுவேன். இதை அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். றஹ்மாவின் தம்பி நாளைக்குக் கொழும்புக்குப் போகிறார், அங்கே தபாலில் போடுவார், இங்கேபோலப் பிரித்துப் பார்க்கமாட்டார்கள். அதனால் கொஞ்சம் வெளிப்படையாக எழுதலாம்.

அப்பாவின் கடிதம் இதற்கு முன்பே வந்து சேர்ந்திருக்கும். கூரை, மழை, சவர்த் தண்ணி என்று அவர் எழுதுவித்ததை வாசித்து நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். நீ பிடிவாதக்காரி. இவர்களுக்கு நான் வேண்டாமோ என்று ஒரு நாள் அழுவாய், அடுத்தநாள் விமான ரிக்கற் எடுத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா கிணற்றடியில் விழவில்லை.

அந்தச் சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு ஜீப் வந்தது. அப்பாவுக்குக் கைகொடுத்த அதிகாரி வியாழக்கிழமையே லீவில் போய்விட்டாராம். வந்தவர்கள் வேறு ஆட்கள். கூரையில் கம்பியைக் கண்டிருக்கிறார்கள். யாருக்கு இது, எங்கே பேசுகிறாய் என்று கேட்டார்கள். பேசுவதற்கு இல்லை, கேட்பதற்கு என்றார் அப்பா. உனக்கு அவரைத் தெரியுமே. பயந்து இரண்டு சொல்லில் முடித்திருக்கலாம். அவர் உன் கடிதத்தை எடுத்துவந்து, ஒல்லாந்து, பாலி, வெண்கலத் தட்டு, இரண்டு எஞ்சின் என்று முழுக்கச் சொன்னார். முகமெல்லாம் சிரிப்பு. என் மகள் என் மகள் என்று சொன்னார். அவர்களுக்கு அரைவாசிதான் விளங்கியது. ரேடியோவையும் கம்பியையும் உன் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு அவரையும் ஏற்றினார்கள்.

ஜீப்பில் ஏறும்போது திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னார்: “ஏழு மணி. ஸெய்னுதீன்ர ரேடியோப் பெட்டியில போடு. மறந்திடாத.”

நான் முகாம் வாசலுக்கு ஓடினேன். ஸெய்னுதீன் கடையைப் பூட்டிவிட்டு வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். அவரையும் பிடித்தால் றஹ்மா என்ன செய்வாள், வீட்டுக்குப் போங்கள் என்று எத்தனை தரம் சொன்னேன், அசையவில்லை. ஐந்தரை மணிக்கு, இனி நாளைக்கு வா என்று எங்களைத் துரத்திவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நான் ரேடியோவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று குசினியில் இருந்துவிட்டேன். ஸெய்னுதீன் வாசலிலேயே நின்றார். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. “அக்கா, அண்ணன் வந்து எப்பிடி இருந்திச்சு எண்டு கேட்டா, என்ன சொல்லுவீங்க?” என்றார்.

போய் உங்கட பெட்டியைக் கொண்டுவாங்கோ என்றேன்.

குசினி யன்னல்களைச் சாத்திவிட்டு, உள்ளே துணி காயப்போடுகிற கொடியில் வேறொரு கம்பியைச் சுற்றினார். சத்தத்தைக் குறைத்து வைத்தார். பத்துப் பதினைந்து பேர் வரவில்லை மகள். யார் வருவார்கள். நான், ஸெய்னுதீன், றஹ்மா. தவராசா மாஸ்டர் மட்டும் பின்வேலியால் வந்தார், வேட்டியில் முள் கிழித்திருந்தது. நாலு பேரும் நிலத்தில் குந்தி ஒரு பெட்டிக்குக் காது கொடுத்தோம். நடுவில் வீதியில் ஒரு ஜீப் மெதுவாகப் போனது. ஸெய்னுதீன் கை ரேடியோக் குமிழில் இருந்தது. திருப்பி நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அந்த இடம் திரும்பக் கிடைக்காது என்று கையை எடுக்கவேயில்லை.

பாட்டு எங்கே வரும் என்று கேட்டவள் நான். எனக்கு இசை தெரியாது. கேட்டதைச் சொல்கிறேன். முதலில் அந்த முழக்கம் வந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது, இதற்காகவா என்று. பிறகு அந்தப் பெரிய மணி அடித்தது. அது ஓயட்டும் என்று காத்திருந்தேன், ஓயவில்லை. அது ஓயாமல் இருக்க இருக்க, என் நெஞ்சுக்குள் பகல் முழுக்க அடித்துக்கொண்டிருந்தது மெல்லமெல்ல அதோடு சேர்ந்துகொண்டது. அவர் வேலைக்குப் போகும் காலத்தில் காலை ஐந்து மணிக்குத் துறைமுகத்திலிருந்து அவருடைய படகுச் சத்தம் வரும். அது வந்தால் நான் அடுப்பு மூட்டுவேன். அந்தச் சத்தம் மகள். ஆள் எங்கே என்று தெரியாத நேரத்தில் அந்தச் சத்தம் என் குசினிக்குள் வந்தது. தகப்பனுக்கு என்று வானொலிக்காரன் சொன்னதை றஹ்மா தமிழில் சொன்னபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அந்த இருபத்திரண்டு நிமிடமும் எனக்குப் பயம் இருக்கவில்லை. இதை நீ தெரிந்துகொள்ளவேண்டும். எத்தனை வருசத்துக்குப் பிறகு என்று யோசித்துப் பார். நீ நல்ல வேலை செய்கிறாய். இனி இதில் என்ன சம்பாதிக்கிறாய் என்று கேட்கமாட்டேன்.

திங்கட்கிழமை பின்னேரம் அப்பாவைக் கொண்டுவந்து விட்டார்கள். பிழை நடந்துவிட்டது, போ என்றார்களாம். அந்த லீவில் போன அதிகாரி வந்துதான் கதைத்திருக்கிறார் என்று கேள்வி. கையைப் பற்றி எழுதமாட்டேன். மாவுக்கட்டுப் போட்டது உண்மை. கூடச் சில இடங்களில் காயம், ஆறிவருகிறது.

வாசற்படியில் இருந்துகொண்டு அவர் முதலில் கேட்டது, “கேட்டனியா?” என்று. ஓம் என்றேன். முழுக்கவா என்றார். முழுக்க என்றேன். தண்ணீர் குடிப்பதற்கு முன்பு தொடக்கத்திலிருந்து சொல்லச் சொன்னார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த அலை எவ்வளவு வேகம் என்று திரும்பத்திரும்பக் கேட்டார். வாயால் சொல்ல வராமல், அவருடைய இடது கையைப் பிடித்து, உள்ளங்கையில் விரலால் தட்டிக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு எண்ணினார். சரியான வேகம் என்றார்.

மூன்று நாள் இதே கேள்விதான். ஸெய்னுதீனிடம் தனியாக, மாஸ்டரிடம் தனியாக, எல்லாரிடமும் கேட்டுச் சேர்த்துவைத்துத்தான் உனக்குத் தான் கேட்டதாக எழுதுவித்தார். பொய் என்று நினைக்காதே. இப்போது அவர் அதைச் சொல்லும்போது எங்களைவிட அவர்தான் நன்றாகக் கேட்டவர் போலிருக்கிறது. அந்தப் பதினைந்தாம் நிமிடத்து இடத்தைப் பற்றி விவரமாக எழுது. உண்மையிலேயே காத்துக்கொண்டிருக்கிறார்.

இனி நீ வராமல் இருப்பதற்கான காரணம். மழையும் இல்லை, கூரையும் இல்லை. உன்னைப் பற்றிச் சொன்ன அந்தச் சந்தோசத்தில் அவர்களிடம் அப்பா, ஒக்டோபரில் என் மகள் வருகிறாள், வந்தால் அவளையே கேளுங்கள் என்று சொல்லிவிட்டார். உன் பெயரையும் மாதத்தையும் ஒருவன் கொப்பியில் எழுதிக்கொண்டானாம். விட்ட பிறகும், மகள் வந்தால் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அப்பா இதை எனக்குச் சொல்லவில்லை. ஸெய்னுதீனிடம் சொல்லியிருக்கிறார். கை நோவுக்கு அவர் ஒரு சத்தம் போடவில்லை. இதை நினைத்துத்தான் எழும்பி எழும்பி நடக்கிறார். என் வாயாலேயே பிள்ளையின் பெயரைக் கொடுத்துவிட்டேன் என்று.

அதனால் மகள், வரவேண்டாம். நான் சொல்கிறேன், வரவேண்டாம். ஒல்லாந்துக் கடவுச்சீட்டு என்று வாதாடாதே. விமானம் கொழும்பில் நின்றாலும் கீழே இறங்காதே. இதெல்லாம் உனக்குத் தெரியும் என்று அப்பாவுக்குக் காட்டிக்கொள்ளவும் வேண்டாம். கூரைக்காகத்தான் நீ வரவில்லை என்று எழுது. அவருக்கு அது போதும். கசற் ஒன்றும் இப்போது அனுப்பாதே, வீட்டைத் திரும்பவும் பார்க்க வருவார்கள் என்று சொல்கிறார்கள்.

பாலிக்குப் போ. நல்லாகச் சாப்பிடு. அங்கே வெண்கலம் வார்க்கிற மனுசரிடம் எங்களைப் பற்றிச் சொல்லு. பத்திரகாளி அம்மன் உனக்கு முன்னும் பின்னும் நிற்பாள், அவள் கோயில் வாசலுக்குப் போகும்போதெல்லாம் உனக்காக ஒரு தேங்காய் உடைக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உன் விமானம் எந்தத் திகதி, எத்தனை மணிக்கு நம் பக்கத்து வானத்தால் போகும் என்று எழுது. அந்த நேரம் நான் முற்றத்தில் நிற்பேன்.

அம்மா